ஆகச் சந்தோஷமான நாள்

மே 6, திங்கள்

இந்த முறையும் கோட்டை விட்டாயிற்று.

முதல் தரம் பயத்தில் உளறிவிட்டேன் என்றேன், எல்லாரும் நம்பினார்கள். இரண்டாம் தரத்துக்கு என்ன கதை சொல்வது? முப்பத்துமூன்று வயதுக் கழுதை, லண்டனில் பெண்சாதியும் பிள்ளையும் இருக்கிறவன், அவர்களிடம் போக வேண்டுமானால் பத்து நிமிடம் இங்கிலீசில் கதைத்துக் காட்ட வேண்டும். அந்தப் பத்து நிமிடம் எனக்கு வாய்க்கவில்லை என்று கொழும்பிலிருந்து கடதாசி வந்திருக்கிறது.

காரணமும் போட்டிருக்கிறான்கள். டியூட்டரியில் இங்கிலீசு படிப்பிக்கிற மிதுஷா மிஸ் வாசித்துச் சொன்னார். பாடமாக்கிய பதிலாம். திருப்பித் திருப்பி ஒரே சொற்களாம். பாடமாக்கினதுதான், பின்னே? பாடமாக்காமல் ஒருவன் மேசைக்கு முன்னால் போய் இருப்பானா?

நடந்தது இதுதான். மேசைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட வெள்ளைக்காரர். உன் வாழ்க்கையில் ஆகச் சந்தோஷமான நாள் எது என்று கேட்டார். கலியாண நாள் என்று தொடங்கி, வானம் நீலம், மாலை சிவப்பு, சாப்பாடு திறம் என்று ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். யார் சமைத்தது என்று கேட்டார். வானம் நீலம் என்று முதலில் இருந்து சொன்னேன். மழை பெய்ததா என்று கேட்டார். திரும்பவும் முதலில் இருந்து சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன்.

தினமும் இங்கிலீசில் டயறி எழுதச் சொல்லி மிஸ் உத்தரவு. எனக்கு எரிச்சல் தமிழில்தான் வரும். ஆகவே தமிழில் எழுதுகிறேன். அடுத்த பரீட்சை ஜூன் 12.

மே 7, செவ்வாய்

நிறோஜினிக்கு அங்கே மதியச் சாப்பாட்டு நேரம், எனக்கு இங்கே பின்னேரம். அப்போதுதான் எடுப்பாள். நாலு வயதில் லண்டனுக்குப் போனவள். கலியாணத்துக்கு வந்து ஒரு மாதம் என்னோடு இருந்துவிட்டுப் போனாள்.

"போச்சுதோ?" என்றாள்.

"போச்சுது."

"அப்பா கேக்கிறார், அவருக்கு உண்மையா இஞ்ச வர விருப்பம் இருக்கோ எண்டு."

"நீர் என்ன சொன்னனீர்?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை, யோகன்."

அந்த ஒண்டும் சொல்லேல்லையைத்தான் தாங்க முடியவில்லை. ஏதாவது சொல்லியிருக்கலாம். கூடாத சொல்லாகவாவது சொல்லியிருக்கலாம்.

ஆரபி இப்போது ஒன்றையும் பிடிக்காமல் தானாக நிமிர்ந்து இருக்கப் பழகிவிட்டாளாம். தாயின் போனைப் பறித்து என் முகத்தை ஒரு நக்கு நக்கினாள். என் பிள்ளை என்னைத் தொட்டது இவ்வளவுதான்.

மே 9, வியாழன்

வகுப்பு. தகரக் கொட்டில், இருக்க இரண்டு நீள வாங்கு, ஏழு பெண்கள், நான். எல்லாரும் வெளிநாட்டு மாப்பிள்ளைக்குப் போகிறவர்கள். நான் ஒருவன்தான் வெளிநாட்டுப் பொம்பிளைக்குப் போகிற மாப்பிள்ளை என்பதால் நல்ல பகிடி. எங்கள் எட்டுப் பேரின் கலியாணத்திலும் வானம் நீலம், மாலை சிவப்பு. டியூட்டரி எழுதிக் கொடுத்த கலியாணம் அது.

மிதுஷா மிஸ்ஸுக்கு இருபத்துநாலு வயது இருக்கும். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார், ஆனால் வாய் பொல்லாதது. வீட்டுப்பாடத்துக்கு "மை மதர் இஸ் பெஸ்ட் குக்" என்று எழுதியிருந்தேன். சிவப்புப் பேனையால் நடுவில் ஒரு "த" போட்டார்.

"அண்ணா, எத்தினை தரம் சொல்லிப்போட்டன்? ஆகப் பெரிசு, ஆகச் சின்னன், ஆகத் திறம் எண்டு வந்தால் முன்னால த போடோணும். அது ஒண்டுதானே இருக்கும். கையை நீட்டி இதுதான் எண்டு காட்டுற மாதிரி."

"காட்டாமல் விட்டால்?"

"விளங்கும். ஆனா மாக்ஸ் போகும்."

எனக்குக் கையை நீட்டிக் காட்டுகிற பழக்கம் இல்லை. காட்டச் சொன்ன இடத்திலும் நான் காட்டவில்லை. அது வேறு கதை.

பிறகு கலியாண நாளைக் கேட்டார், சொன்னேன். திரும்பக் கேட்டார், சொன்னேன். மூன்றாம் தரமும் கேட்டுவிட்டுக் கையைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"ரேடியோப் பெட்டியைத் திருகிவிட்ட மாதிரி இருக்கு. கொஞ்சம் மாத்திச் சொல்லுங்கோவன்."

"மாத்திச் சொன்னாப் பிழைச்சுப்போம் மிஸ்."

"மாத்திச் சொன்னாத்தான் பாஸ் அண்ணா!"

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாத்திச் சொன்னால் என்ன ஆகும் என்று இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது.

மே 11, சனி

வெங்காயத்துக்கு இறைக்கிற காலம், நான் திருத்து வேலை செய்கிற கடை நிறையத் தண்ணீர் மோட்டர். சொந்தக்காரர்கள் எல்லாம் தலைக்கு மேல் நிற்கிறார்கள். ஒரு கிழவர் என்ன பழுது என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரத்தால் திரும்பக் கேட்டார். அதே சொற்களில் சொன்னேன். "நீ நல்ல நேர்மையான பெடியன்" என்றார். அவரைக் கொழும்புக்குப் பரீட்சைக்காரராக அனுப்ப வேண்டும்.

வீட்டுப்பாடம்: திஸ் இஸ் த ஓல்டெஸ்ட் மோட்டர் இன் த ஷொப். இரண்டு த போட்டிருக்கிறேன். மிஸ் பார்த்துச் சாகட்டும்.

மே 14, செவ்வாய்

இன்று வெக்கை அதிகம். அதனால்தான்.

மிஸ் பரீட்சை மாதிரியே நடத்திப் பார்ப்போம் என்று மேசையைப் போட்டு எனக்கு எதிரே இருந்தார். கதைப்பதைப் பதிவு செய்யப் போனை நடுவில் வைத்தார். அதில் சின்னதாகச் சிவப்பு வெளிச்சம். "யுவர் நேம்?" என்றார். "வேர் டூ யூ லிவ்?" என்றார்.

அதற்குப் பிறகு நான் வெளியே வேப்பமரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எப்படி வந்தேன் என்று தெரியாது. ஒரு கால் செருப்பு உள்ளே கிடந்தது. மிஸ் அதை எடுத்து வந்து முன்னால் வைத்தார். வெக்கை என்று நானே சொன்னேன்.

மே 18, சனி

சந்தியில் உப்பில்லாக் கஞ்சி கொடுத்தார்கள். கடைசி யுத்தத்தில் அந்தக் கடற்கரையில் வேறு சாப்பாடு இருக்கவில்லை, அந்த நினைவுக்கு வருடா வருடம் இந்த நாளில் கொடுக்கிறார்கள். அம்மாவும் நானும் வரிசையில் நின்று வாங்கினோம். அன்றைக்கு அந்தக் கடற்கரையில் இதே கஞ்சியைக் குடித்துவிட்டு வெளியே வந்தபோதுதான் ஆமிக்காரர் பஸ்ஸில் ஏற்றினார்கள். அம்மாவை ஒரு பஸ், என்னை வேறு பஸ்.

இன்றைக்கு வீட்டுப்பாடம் இல்லை.

மே 22, புதன்

நிறோ இன்று ஒரு மாதிரி இருந்தாள். சுற்றி வளைத்துக் கதைத்தாள். பிறகு பட்டென்று கேட்டாள்.

"யோகன், சண்டை முடிஞ்சு ரெண்டு வருசம் நீங்கள் எங்க இருந்தனீங்கள்?"

"கொழும்பில. சொன்னனான்தானே. தெரிஞ்ச ஒருத்தற்ற ஹாட்வெயர் கடையில. மேல் மாடியில படுக்கை, கீழ கடை, ஞாயிற்றுக்கிழமை லீவு."

"கலியாணத்துக்கு முதலும் இப்பிடித்தான் சொன்னீங்கள். போன வருசமும் சொன்னீங்கள். மேல் மாடியில படுக்கை, கீழ கடை, ஞாயிற்றுக்கிழமை லீவு. ஒரு சொல்லுக்கூட மாறேல்லை." அவள் விடவில்லை. "உண்மையா நடந்ததை ஆரும் அப்பிடிச் சொல்லுவினமோ? கொழும்பில உங்களுக்கு வேற ஆரும் இருந்தவையோ?"

ஐயோ கடவுளே. மாறாமல் சொன்னால்தான் நம்புவார்கள் என்றல்லவா நான் இருக்கிறேன். மாறினால்தானே அடி.

"ஒருத்தரும் இல்லை நிறோ" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

மே 23, வியாழன்

அம்மாவிடம் கேட்டேன், அவளுக்குச் சொல்லிவிடட்டுமா என்று.

"விசர்க்கதை கதையாதை தம்பி. ஆமியின்ர தடுப்பு முகாமில இருந்த பெடியன் எண்டு தெரிஞ்சிருந்தா உனக்கு ஆர் பொம்பிளை தந்திருப்பினம்?"

"இப்ப பிள்ளையும் பிறந்திட்டுதே அம்மா."

"அதுக்காகத்தான் சொல்லுறன், வாயை மூடு."

கொழும்புக் கடைக் கதையைக் கட்டினதும் அம்மாதான். நான் அதைப் பாடமாக்கினேன், அவ்வளவுதான். அதில் எனக்குப் பழக்கம் இருந்தது.

மே 28, செவ்வாய்

மிஸ் முறையை மாற்றிவிட்டார். மேசை இல்லை, போன் இல்லை. எல்லாரும் போன பிறகு கொட்டில் வாசலில் இரண்டு கதிரையை அருகருகே போட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. தெருவில் போகிற சைக்கிளைப் பார்த்து என்னிடம் கேள்வி கேட்டார். யார் ஆக உயரம்? எது ஆகப் பழைய சைக்கிள்? நான் தெருவைப் பார்த்தே பதில் சொன்னேன். கனக்கப் பிழை விட்டேன். அவர் திருத்தவில்லை.

இடையில் தமிழில் சொன்னார்: "என்ர பெரியண்ணாவும் உங்களை மாதிரித்தான். கடைக்காரன் பேர் கேட்டாலும் ஒருக்கா மனசுக்க சொல்லிப் பாத்திட்டுத்தான் சொல்லுவார். இருந்து கதைக்கிறதெண்டாக் கதிரையைக் கொஞ்சம் திருப்பிப் போட்டிட்டுத்தான் இருப்பார்."

அந்த அண்ணா இப்போது எங்கே என்று நான் கேட்கவில்லை. பிறகு ஆகச் சின்னச் சைக்கிள் எது என்று கேட்டார்.

ஜூன் 4, செவ்வாய்

அன்றைக்குப் பிறகு நிறோ எடுக்கவில்லை. நான் எடுத்தால் மணி அடித்து அடித்து நின்றுவிடுகிறது. இன்று குரல் செய்தி அனுப்பியிருந்தாள். பின்னால் ஆரபி அழுகிற சத்தம்.

"யோகன், இந்த முறையும் சரிவராட்டி இதை எப்பிடிக் கொண்டுபோறதெண்டு நாங்கள் யோசிக்கத்தான் வேணும். அப்பா லோயர் ஒருத்தரோட கதைச்சவர். எனக்குப் பாஸ் ஃபெயில் பிரச்சினை இல்லை. நீங்கள் ஆரெண்டு எனக்குத் தெரியேல்லை. அதுதான் பிரச்சினை."

திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். ஒவ்வொரு தரமும் அதே சொற்கள். இப்போது விளங்குகிறது, அந்த வெள்ளைக்காரருக்கு எப்படி இருந்திருக்கும் என்று.

கடையில் ஒரு மோட்டரைப் பிழையாகப் பூட்டிப் புகைய விட்டேன். முதலாளி வாய்க்கு வந்தபடி பேசினார். வீட்டுக்கு வந்து கிணற்றுக் கட்டில் இருந்தேன். உள்ளே எட்டிப் பார்த்தபடி இருந்தேன் போலிருக்கிறது. அம்மா வந்து என் சேர்ட்டின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். பொழுதுபட்ட பிறகுதான் பிடியை விட்டார்.

எனக்கு வாழ ஆசை இருக்கிறது. எழுதி வைக்கிறேன். ஆனால் வழி தெரியவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

கொழும்பு பஸ். அம்மா இடியப்பமும் சம்பலும் வாழையிலையில் கட்டித் தந்தார். "நீ தூரம் போனா நான் வேற என்னத்தைக் கட்டித் தந்தனான்?" என்றார். மூக்கைச் சிந்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மிஸ் செய்தி அனுப்பியிருந்தார்: கதிரையைத் திருப்பிப் போடுங்கோ அண்ணா. ஒருத்தரும் ஏசமாட்டினம்.

ஜூன் 12, புதன்

முழுவதையும் எழுத வேண்டும். மறக்கக்கூடாது.

அதே அறை. அதே கண்ணாடிக்காரர். நடுவில் கதைப்பதைப் பதிகிற அதே பெட்டி, சிவப்பு வெளிச்சம். பெயர் கேட்டார், ஊர் கேட்டார், சொன்னேன். பிறகு அதே கேள்வி. வட் வோஸ் த ஹப்பியஸ்ட் டே ஒஃப் யுவர் லைஃப்?

என் வாய் தன்பாட்டில் கலியாணத்தைத் தொடங்கியது. வானம் நீலம் வரைக்கும் போனேன். அவர் பேனையைக் கீழே வைத்தார். இதைப் போன தரம் எனக்குச் சொல்லிவிட்டாய், வேறு ஒன்று சொல் என்றார்.

வேறு ஒன்று பாடமில்லை. சிவப்பு வெளிச்சம் மட்டும் தெரிந்தது. எழும்பி ஓடக் கால் உன்னியது. உண்மையில் எழும்பிவிட்டேன். எழும்பின கையோடு கதிரையைப் பிடித்து யன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டேன். இருந்தேன். அவர் ஏசவில்லை. யன்னலுக்கு வெளியே ஒருவர் தேங்காய் வண்டில் தள்ளிக்கொண்டு போனார். அவரைப் பார்த்துச் சொன்னேன்.

"த ஹப்பியஸ்ட் டே, ஐ கேம் அவுட். மை மதர் வெய்ட்டிங். அவுட்சைட் த கேட். ஷீ புறிங் புட்டு."

புட்டு என்றால் என்ன என்று கேட்டார். மா, தேங்காய்ப்பூ, ஆவி என்று கையாலும் வாயாலும் சொன்னேன். அது முதல் நாள் அவித்த புட்டு என்றேன். முதல் நாளும் அம்மா வந்தவர், அன்றைக்குக் கேட் திறக்கவில்லை, இரவு முழுக்கப் பார்சலோடு தெருவில் இருந்தவர் என்றேன். புளித்து நாறியது என்பதற்குச் சொல் தெரியாமல் மூக்கைப் பொத்திக் காட்டினேன். "ஐ ஈட் எவ்ரிதிங். ஷீ க்ரை, ஐ ஈட். இட் வோஸ் த வேர்ஸ்ட் புட்டு இன் த வேர்ல்ட். இட் வோஸ் த ஹப்பியஸ்ட் டே." இவ்வளவு காலமும் விட்ட த எல்லாம் தானாக வந்து விழுந்தது.

அவர் கேட்டார்: அந்தக் கேட்டுக்கு உள்ளே நீ ஏன் இருந்தாய்?

கொழும்பு ஹாட்வெயர் கடை நாக்கு நுனியில் தயாராக நின்றது. மேல் மாடியில் படுக்கை, கீழே கடை. நான் அதைச் சொல்லவில்லை. உண்மையும் வரவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "தட் ஐ டோன்ட் வோன்ட் டு டெல்."

மேசைக்கு முன்னால் இருந்து ஒரு கேள்விக்குச் சொல்லமாட்டேன் என்று நான் சொன்னது இதுதான் முதல் தரம். சொன்னதும் கண்ணை மூடிக் கன்னத்தைத் திருப்பிக்கொண்டேன். ஏன் திருப்பினேன் என்று பிறகுதான் யோசித்தேன்.

ஒன்றும் விழவில்லை.

கண்ணைத் திறந்தேன். "தட்ஸ் ஓல் ரைட்" என்றார் அந்த மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, உனக்குப் புட்டு அவிக்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது, அவிச்சு வைச்சால் தின்னத் தெரியும் என்றேன். சிரித்தார்.

வெளியே வந்து ரோட்டோரமாக நின்று அழுதேன். போகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஜூன் 13, வியாழன்

இன்று நிறோவுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். பாஸா ஃபெயிலா தெரியாது, அதைப் பற்றி இது இல்லை என்று தொடங்கினேன். கொழும்பில் கடையும் இல்லை, மாடியும் இல்லை, வேறு ஒருத்தியும் இல்லை என்றேன். எங்கே இருந்தேன் என்று சொன்னேன். உள்ளே ஒரு மேசை இருந்தது, ஒரே கேள்வியைக் கிழமைக்கணக்கில் கேட்பார்கள், பதிலில் ஒரு சொல் மாறினால் அடி என்றேன். அதனால்தான் உமக்கும் மாறாமல் சொன்னேன், அது உம்மை ஏமாற்ற இல்லை, எனக்கு வேறு மாதிரிச் சொல்லத் தெரியாது என்றேன். பிறகு புட்டைச் சொன்னேன். முன்னுக்குப் பின் முரணாகத்தான் வந்தது. அழிக்காமல் அப்படியே அனுப்பினேன்.

அம்மா அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை.

பின்னேரம் அவள் எடுத்தாள். கன நேரம் அழுதாள். "விசரன்" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஒண்டும் சொல்லேல்லை பரவாயில்லை.

ஜூன் 21, வெள்ளி

மிஸ் கடைக்கே ஓடி வந்தார். வாசலில் நின்று "அண்ணா, பாஸ்!" என்று கத்தினார். முதலாளி பயந்து கையிலிருந்த திருகாணி எல்லாம் கொட்டிவிட்டார். நிலத்தில் இருந்து பொறுக்கியபடியே சிரித்தேன். மிஸ் என்னைப் பார்த்துச் சிரித்தார், பிறகு முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

பின்னேரம் வீடியோவில் நிறோ வந்தாள். விசாவுக்குப் பேப்பர்கள் திங்கட்கிழமை போடலாம் என்றாள். "ஒண்டு செய்யோணும் யோகன். எனக்குச் சொன்னதை அப்பாவுக்கும் சொல்லுங்கோ. அவர் உங்கட வாயால கேக்கோணுமாம்."

மாமா போனுக்கு முன்னால் வந்து இருந்தார். கண்ணாடி, மேசை, கட்டின கை. நான் என் கதிரையைத் திருப்பப் பார்த்தேன், போனைப் பிடித்துக்கொண்டு எங்கே திருப்புவது? அப்படியே சொன்னேன். எங்கே இருந்தேன் என்பது. கேட். அம்மா. முதல் நாள் புட்டு.

"புட்டோ?" குசினிக்குள் இருந்து அம்மாவின் சத்தம். "என்னடா தம்பி சொல்லுறாய்? அது இடியப்பமெல்லோ! நான் எந்தக் காலத்தில வழிக்குப் புட்டுக் கட்டினனான்?"

கொழும்பில் பெட்டிக்குள் புட்டு என்று பதிவாகிவிட்டது. நிறோவுக்கும் புட்டு. இப்போது இடியப்பம். மாமா முகத்தைச் சுருக்கினார்.

"ரெண்டில எது தம்பி உண்மை?"

அந்தக் கேள்விக்கு முன்னொரு காலத்தில் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். இன்று கன்னம் தன்பாட்டில் திரும்பவில்லை.

"தெரியேல்லை மாமா" என்றேன். "புளிச்சது உண்மை."

மாமா கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, லண்டனுக்கு வரும்போது அம்மாவிடம் கொஞ்சம் பனங்கிழங்கு ஒடியல் மா வாங்கி வரச் சொல்லிவிட்டு எழுந்து போனார். ஆரபி போனை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.